கைபேசியும் பிரிட்டன் சாலைச் சட்டமும்

பிரிட்டனில் வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது 2003 டிசம்பர் 1 முதல் தனிக் குற்றமானது. அதற்குமுன் கவனக்குறைவாக ஓட்டியதாகவோ, வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவில்லை என்றோதான் வழக்குத் தொடர முடிந்தது. சிக்னலில் நிற்கும் வண்டிக்கும் தடை பொருந்தியது. நிறுத்த இடமில்லாத ஆபத்து நேரத்தில் அவசர உதவியை அழைக்க மட்டும் அப்போது விலக்கு இருந்தது.

தொடக்க அபராதம் 30 பவுண்டு. அது யாரையும் அச்சுறுத்தவில்லை. 2007இல் 60 பவுண்டாக உயர்ந்ததோடு, உரிமத்தில் 3 தண்டனைப் புள்ளிகளும் சேர்ந்தன. 2016 ஆகஸ்டில் ஏ34 நெடுஞ்சாலையில், கைபேசியில் பாட்டு மாற்றிக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் நின்றிருந்த வண்டிகள்மீது மோதினார். ஒரு பெண்ணும் மூன்று குழந்தைகளும் இறந்தனர். நாட்டை உலுக்கிய சாவுகள் அவை. 2017 மார்ச்சில் அபராதம் 200 பவுண்டு, புள்ளிகள் 6 என்றாயின. உரிமம் பெற்று இரண்டு ஆண்டு முடியாதவர் அந்த 6 புள்ளிகளிலேயே உரிமத்தை இழப்பார்.

ஆனால் சட்டத்தின் வாசகம் பழைய காலத்திலேயே நின்றுவிட்டது. அழைப்பு, குறுஞ்செய்தி போன்ற தொடர்பாடலையே அது தடுத்தது. விபத்து நடந்த இடத்தைக் கைபேசியில் படம்பிடித்தபடி கடந்த ஓட்டுநர்மீது இந்தப் பிரிவு பாயாது என 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேமராவைப் பார்த்தாலும் கவனம் சிதறத்தான் செய்யும். வாசகத்தை மாற்றியே தீரவேண்டியிருந்தது. படமெடுப்பது, பாட்டுத் தேடுவது, விளையாடுவது என எதற்காகக் கையில் எடுத்தாலும் குற்றம் என்ற திருத்தம் 2022 மார்ச் 25 அன்று நடைமுறைக்கு வந்தது.