திண்ம, நீர்ம, வளிம நிலைகளைச் சிறுவர்க்குக் கற்பித்தல்

பொருள்கள் திண்மம், நீர்மம், வளிமம் ஆகிய மூன்று நிலைகளில் காணப்படுகின்றன என்பதைச் சிறுவர்க்கு உணர்த்துவது தொடக்கப்பள்ளி அறிவியல் கல்வியின் ஒரு பகுதியாகும். பள்ளி நூல்களில் இவை திடப்பொருள், திரவம், வாயு எனவும் வழங்கும். பிளாசுமா முதலிய பிற நிலைகள் இவ்வகவையில் பொதுவாகக் கற்பிக்கப்படுவதில்லை.

வரையறைகள் எளியவை. திண்மத்திற்கு உருவமும் கனவளவும் உண்டு. நீர்மத்திற்குக் கனவளவு உண்டு, தனி உருவம் இல்லை. வளிமத்திற்கு இரண்டும் இல்லை. ஆனால் இவற்றைப் பிழையின்றி ஒப்பிக்கும் சிறுவரும் மணலைக் கண்டால் தடுமாறுவர்.

== சிறுவரின் முன்கருத்துகள் ==

இசுரேலியச் சிறுவரிடம் ரூத் ஸ்டாவி, டினா ஸ்டாகெல் ஆகியோர் நடத்தி 1985 இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறுவர் நீர்மங்களை எளிதில் இனங்காண்கின்றனர், திண்மங்களிலேயே இடர்ப்படுகின்றனர். கல், இரும்பு போன்ற கடினமானவையே அவர்களுக்குத் திண்மம். துணி, பிசைந்த மாவு, பஞ்சு ஆகியவை மென்மையானவை என்பதாலும், மாவுப்பொடி ஊற்றக்கூடியது என்பதாலும் விலக்கப்படுகின்றன. இதற்குப் பாடநூல்களும் ஓரளவு பொறுப்பு எனலாம். அவை பெரும்பாலும் கல், நீர், பலூன் என்னும் ஐயமற்ற எடுத்துக்காட்டுகளோடு நின்றுவிடுகின்றன.

மணலையும் நீரையும் இரு தட்டுகளில் ஊற்றச் செய்வது நல்ல தொடக்கமாகும். நீரின் மேற்பரப்பு தானே மட்டமாகிறது. மணல் குவியலாக நிற்கிறது. உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினால் ஒவ்வொரு மணலும் தன் உருவத்தை விடாத சிறு கல் என்பது விளங்கும்.

== வளிமம் ==

காற்று "ஒன்றுமில்லாதது" என்னும் எண்ணமே மூன்றிலும் கடினமான தடை. காகிதத்தைக் கசக்கிக் குவளையின் அடியில் திணித்து, குவளையைத் தலைகீழாக நீரில் நேராக அமிழ்த்தினால் காகிதம் நனைவதில்லை. காற்று இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதற்கு இது போதும்.

காற்றுக்கு நிறை உண்டெனக் காட்ட, குச்சியின் இரு முனைகளில் ஊதிய பலூன்களைக் கட்டி ஒன்றை உடைப்பது பரவலான வழக்கம். இது எண்ணுவதைவிட நம்பகம் குறைந்த சோதனை. பலூனினுள் இருக்கும் காற்றின் எடையைச் சுற்றியுள்ள காற்றின் மிதப்பு விசை பெரும்பாலும் ஈடுசெய்துவிடுவதால், உள்ளே சற்று அழுத்தப்பட்டுள்ள மிகைக் காற்றின் எடையே, அதாவது கிராமின் சிறு பகுதியே, தெரியவரும். உருவம் நிறைந்தும் தளர்ந்துள்ள கால்பந்தை நிறுத்து, பின் பம்பினால் காற்றடைத்து மீண்டும் நிறுப்பது மேலானது. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிராம். எனவே ஏறத்தாழ 5.5 லிட்டர் கொள்ளும் பந்தில் 5 கிராம் அளவுக்குக் கூடுதல் எடையைச் சமையலறை மின்னணுத் தராசே காட்டும்.

== நிலை மாற்றம் ==

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் எளிதில் கிடைக்கும் எடுத்துக்காட்டு தேங்காய் எண்ணெய். இது ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உருகுவதால், குளிரில் உறைந்ததை உள்ளங்கையில் வைத்தே உருக்கலாம். மீண்டும் குளிர்வித்து உறையவும் வைக்கலாம். அவித்த முட்டை இவ்வாறு மீள்வதில்லை என்பதையும் உடன் காட்டுதல் வேண்டும்.

தமிழில் கற்பிக்கையில் இரு சொற்களில் கவனம் தேவை. பேச்சுவழக்கில் பனிக்கட்டியும் "கரைகிறது", சர்க்கரையும் "கரைகிறது". முன்னது வெப்பத்தால் உருகுதல். பின்னது நீரோடு கலத்தல். அவ்வாறே இட்லிப் பானையிலிருந்து வெண்மையாக எழுவதை "ஆவி" என்கிறோம். கண்ணுக்குத் தெரியும் அப்புகை நுண்ணிய நீர்த்துளிகளாகும். உண்மையான நீராவி நிறமற்றது, புலப்படாதது.

கொதிநீரின் குமிழிகளில் உள்ளது யாது என்பதை நியூசிலாந்தில் ஆசுபோர்ன், காசுகிரோவ் ஆகியோர் 1983 இல் வெளியிட்ட ஆய்வில் வினவினர். வெப்பம், காற்று, ஆக்சிசனும் ஐதரசனும் என்ற விடைகள் மேல்வகுப்பு மாணவரிடமும் காணப்பட்டன. நன்கு கொதிக்கும் நீரில் எழுவது நீராவியே. (கொதிநீரை ஆசிரியர் மட்டுமே கையாளுதல் வேண்டும்.)

குளிர்ந்த குவளையின் வெளிப்புறத்தில் படியும் துளிகள் உள்ளிருந்து கசிந்தவை எனச் சிறுவர் கருதுவதுண்டு. குவளையில் நிறமூட்டிய நீரை வைத்தால், வெளித்துளிகள் நிறமற்றிருப்பதைக் கண்டு அவர்களே அதனைத் திருத்திக்கொள்வர்.

== துகள் படங்கள் ==

திண்மத்தில் நெருக்கமாகவும், நீர்மத்தில் இடைவிட்டும், வளிமத்தில் தொலைவாகவும் புள்ளிகள் வரையப்பட்ட படம் பல நூல்களில் உள்ளது. நடுப்படம் பிழையானது. நீர்மத்தின் துகள்களும் ஏறத்தாழ ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன; ஒழுங்கின்றி இடம்பெயர்வதே வேறுபாடு. நீரோ உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. ஆவியாகும்போது கனவளவு ஏறத்தாழ 1,600 மடங்காகிறது; அதாவது துகள்களின் சராசரி இடைத்தொலைவு 12 மடங்கு அளவிலேயே கூடுகிறது.

== பாடத்திட்டங்களில் ==

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் (2014 முதல்) இதனை 8–9 அகவையினருக்கான நான்காம் ஆண்டில் வைத்துள்ளது. அமெரிக்காவில் 2013 இல் வெளியான அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகளில், இரண்டாம் வகுப்பினர் பண்புகளைக் கொண்டு வகைப்படுத்துதலையும் மீளும், மீளா மாற்றங்களையும் கற்கின்றனர். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் பற்றிய பாடம் ஐந்தாம் வகுப்பில்தான் வருகிறது.