நண்பர்களுக்காக அச்சான 100 பிரதிகள்

காட்டு விலங்கை நேரில் பார்த்தவர் வீடு திரும்பியதும் செய்யும் முதல் வேலை, நாலு பேரிடம் அதைச் சொல்வதுதான். வடக்கே குமாயுன் மலைப்பகுதியில் அப்படிச் சொல்லப்பட்ட கதைகளுக்குப் பெரிய வரலாறே உண்டு.

ஜிம் கார்பெட் 1875-ல் நைனிதாலில் பிறந்தவர். குளிர்காலத்தில் குடும்பம் மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கிக்கு இறங்கிவிடும். அங்கே மாலை நேரத்தில் சிறுவர் கூட்டத்துக்கு டான்சி என்ற அயர்லாந்துக்காரர் பேய்க்கதை சொல்வார். ‘பான்ஷீ’ என்னும் பெண் பேயின் அலறல் அவற்றில் ஒன்று. பிறகு ஒருநாள் காற்று வீசும்போது காட்டுக்குள் அந்த அலறல் கார்பெட்டுக்கே கேட்டது. பயந்தாலும் மெல்ல நெருங்கிப் பார்த்தார். ஒரு மரம் இன்னொன்றின் மேல் சாய்ந்து உரசிய சத்தம் அது!

இந்தப் ‘போய்ப் பார்க்கும்’ பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. சம்பாவத் பெண் புலி நேபாளத்திலும் குமாயுனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. ஊர் மக்கள் கதவைத் திறக்கவே அஞ்சினார்கள். 1907-ல் அதைச் சுட்டு வீழ்த்திய கார்பெட், அதன் வாயையும் பார்த்தார். வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களைத் தேடி வந்தது என்பது அவர் முடிவு. இந்த ஒரு விவரம் இல்லாவிட்டால் அது வெறும் வேட்டைக் கதை. விவரம் சேர்ந்ததும் பழி புலியின் மேல் மட்டும் விழவில்லை.

இத்தகைய அனுபவங்களை எழுதி, 1935-ல் நைனிதாலிலேயே 100 பிரதிகள் மட்டும் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். அந்தச் சிறு நூல் விரிந்து 1944-ல் ஆங்கிலப் புத்தகமாகி உலகம் சுற்றியது. நம்மில் பலர் ‘குமாயுன் புலிகள்’ என்று தமிழில் படித்ததும் அதைத்தான். இதற்கிடையே 1936-ல் அப்பகுதியில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்தது. அதற்கு அவரும் துணை நின்றார். இன்று அது அவர் பெயரிலேயே இருக்கிறது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

நம் வளாகத்திலும் பாம்பு, குரங்கு என்று செய்தி வந்தால் பீதி மட்டும்தான் வேகமாகப் பரவுகிறது. அருகில் போக வேண்டாம். ஆனால் சொல்லும்போது எந்த இடம், எத்தனை மணி, அது என்ன செய்துகொண்டிருந்தது என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். காவலாளிக்கும் உதவும், அந்த உயிரும் பிழைக்கும்.