படைவீரர் றைபிளும் குறிநோக்கியும்: ஒரு போட்டி விதியின் வரலாறு

படைவீரன் ஏந்தும் கருவியின் வகையையே போட்டியாளனும் ஏந்தல் வேண்டும் என்பது ஐக்கிய அமெரிக்காவின் படைத்துறை றைபிள் போட்டிகளுக்கு அடிப்படையாய் அமைந்த விதியாகும். எளிதெனத் தோன்றும் இவ்விதி நூறாண்டுக்கு மேலாக ஒரு வினாவை எழுப்பி வந்துள்ளது. போட்டியில் அளக்கப்படுவது மனிதனின் திறனா, கருவியின் நுட்பமா என்பதே அவ்வினா.

1898 ஆம் ஆண்டில் கியூபாவில் ஸ்பானியருடன் நிகழ்ந்த போரே இப்போட்டிகளுக்குத் தோற்றுவாயாயிற்று. அமெரிக்கத் தொண்டர் படையினர் பலர், ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டாவையே இட்டுச் சுடும் பழைய ஸ்பிறிங்பீல்ட் றைபிளுடன் களம் புகுந்தனர். அதன் கரிமருந்துப் புகை அவர்கள் நின்ற இடத்தைப் பகைவர்க்குக் காட்டிக்கொடுத்தது. ஸ்பானியரோ புகையற்ற மருந்தைப் பயன்படுத்தும் 7 மில்லிமீற்றர் மௌசர் றைபிளால் விரைந்தும் தொலைவிலிருந்தும் சுட்டனர். நல்ல கருவியும் அதனைக் கையாளும் பயிற்சியும் ஒருங்கே வேண்டும் என்பது தெளிவாயிற்று. 1903 ஆம் ஆண்டில் இரண்டிற்கும் வழி காணப்பட்டது. மௌசரின் அமைப்பைத் தழுவிய புதிய ஸ்பிறிங்பீல்ட் றைபிள் படையில் இடம்பெற்றது. றைபிள் பயிற்சியை வளர்க்கத் தேசிய சபையொன்று நிறுவப்பட்டு, அவ்வாண்டிலேயே நியூ ஜேர்சி மாநிலத்துச் சீ கேர்ட்டில் தேசியப் போட்டிகள் தொடங்கின. 1907 இல் அவை ஒஹையோவில் ஈரி ஏரிக்கரையிலுள்ள பெரி முகாமுக்குப் பெயர்ந்தன.

படையின் கருவி மாறுந்தோறும் போட்டியின் கருவியும் மாறிற்று. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கறாண்ட் றைபிள் 1936 இலும், எம்-14 1957 இலும் படையில் ஏற்கப்பட்டன. 1960களில் வந்த எம்-16 இன் சிறு குண்டு நெடுந்தொலைவுப் போட்டிக்கு ஏற்றதாகக் காணப்படவில்லை. 55 கிறெயின் எடையுள்ள அக்குண்டு காற்றில் எளிதில் விலகும். 600 யாரிலோ பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 12 அங்குலமே. ஆயின் 1980களில் அக்குழலின் உட்புரி, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதை விடுத்து, 7 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக மாற்றப்பட்டது. அதனால் நீண்டு கனத்த குண்டுகளும் தடுமாறாது பறந்தன. போட்டியாளர் 80 கிறெயின் குண்டுகளையும் கையாண்டனர். எம்-14 இன் மரக்கட்டை ஈரத்தால் மாறுபட்டுக் குறியைப் பிறழச் செய்யும். எம்-16 வகைக்கு அக்குறை இல்லை. அதன் பின்னுதைப்பும் குறைவாதலால் விரைந்து சுடுதல் எளிதாயிற்று. எனவே 1990களில் அவ்வகையே களத்தில் முதன்மை பெற்றது.

கருவி பன்முறை மாறியபோதும் குறிநோக்கி நெடுங்காலம் இரும்பாகவே இருந்தது. பின்துளை, முன்முனை, இலக்கு ஆகிய மூன்றையும் கண் ஒரு கோட்டில் நிறுத்தல் வேண்டும். ஆயினும் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தையே கண் தெளிவாகக் காணும். ஆதலால் தேர்ந்தவர் முன்முனையைத் தெளிவாகவும் இலக்கை மங்கலாகவும் கண்டு சுடுவர். முதுமையில் கண்வில்லை இறுகும்போது அம்முனையும் மங்கும். பல்லாண்டுப் பயிற்சியுடையவரும் பின்தங்க நேரும். தொலைநோக்கிக் குறிநோக்கியோ இலக்கையும் குறிக்கோட்டையும் ஒரே தளத்தில் காட்டுகின்றது.

2000களில் நான்கு மடங்கு பெருக்கும் குறிநோக்கிகள் அமெரிக்கப் படைகளில் பரவலாயின. இதன்பின் 2016 இல் போட்டி விதியும் நெகிழ்ந்து, நாலரை மடங்கு வரை பெருக்கும் கருவிகளுக்கு இடமளித்தது. இரும்புக் குறிநோக்கி விலக்கப்படவில்லை. பெருக்கத்துக்கு எல்லை வகுத்ததே இம்மாற்றத்தின் சிறப்பாகும். எல்லையின்றேல் பொருள் மிகுந்தவர் மேன்மேலும் வலிய கண்ணாடிகளைத் தேடுவர். போட்டி படைக்கலத்திலிருந்து விலகிச் செல்லும்.

ஆதலால் தேர்வு செய்வோர் பெருக்கத்தினும் பிறவற்றையே நோக்கல் வேண்டும். திருகியைத் திருப்பி மீட்டால் குறி பழைய நிலைக்கே பிழையின்றி மீளல் வேண்டும். பாகையின் அறுபதில் ஒரு கூறு பிழைப்பினும் 600 யாரில் குண்டு ஆறங்குலத்துக்கு மேல் விலகும். கண் சற்று நகரினும் குறிக்கோடு இலக்கினின்றும் பெயராதிருத்தலும் வேண்டும். இவை அமைந்த பின்னரும், காற்றின் போக்கை அறிதலும் மூச்சை அடக்கி விசையை மெல்ல இழுத்தலும் மனிதனிடமே எஞ்சுகின்றன. 1898 ஆம் ஆண்டுப் போர் உணர்த்திய குறையும் கருவியோடு மட்டும் நின்றதன்று. அக்குறையைத் தீர்க்க எழுந்த போட்டி, கருவிக்கு எல்லை வகுக்குமளவுமே தன் நோக்கத்தை இழவாதிருக்கும்.