இதயச் சிகிச்சைக்குப் பிந்தைய பார்வைக் கோளாறுகள்: ஏலப்பாறை நோயாளியின் சொல்லும் மருத்துவரின் செவியும்

இதயச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் “கண்ணு ஒரு மாதிரியா இருக்கு” என்றால், வீட்டார் அதை உடல் அசதியாகவே எண்ணிவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் தீங்கற்ற மருந்து விளைவும் இருக்கலாம், பக்கவாதமும் இருக்கலாம். இரண்டையும் முதலில் பிரித்துக் காட்டுவது நோயாளியின் விவரிப்பே என்பது இக்கட்டுரையின் வாதம்.

இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்து ஏலப்பாறையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறைகளாக உழைக்கிறார்கள். குட்டிக்கானம், முண்டக்கயம் வழியே மலையிறங்கிக் கோட்டயம் சேரும் நோயாளி, தமிழில் உணர்ந்ததை மலையாளச் சூழலில் சொல்ல வேண்டியிருக்கிறது. கேரள அரசு மருத்துவமனைகளில் முதல் இதய மாற்று அறுவை 2015இல் நடந்தது கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான். திறமைக்கு அங்கே குறைவில்லை. சொல் சேர வேண்டிய இடத்தில் சேர்வதே கேள்வி.

மருந்துகளிலிருந்து தொடங்கலாம். நாடித்துடிப்பைக் குறைக்கும் ஐவாபிரடின், இதயத்தில் தடுக்கும் மின்னோட்டத்தைப் போன்றதொன்றை விழித்திரையிலும் தடுக்கிறது. அதனால் சிலருக்கு, வெளிச்சம் சட்டென மாறும்போது பார்வையில் ஒளித் திட்டுகள் தோன்றும். மூடுபனி விலகி வெயில் பளீரென அடிக்கும் மலைச்சரிவில் இது அச்சுறுத்தும். ஆயினும் பெரும்பாலும் தானே அடங்கும். டிகாக்சின் அப்படியன்று. எல்லாம் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிந்து, பசியின்மையும் குமட்டலும் சேர்ந்தால், மருந்து மிகுந்துவிட்டதற்கான எச்சரிக்கை அது. ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் 1785இலேயே இந்த நிறமாற்றத்தைப் பதிவு செய்தார்.

சிகிச்சை முறையால் வருபவை வேறு. ஆஞ்சியோகிராம் சாயத்தால் மிக அரிதாக இரு கண்ணும் தற்காலிகமாக இருண்டு, சில மணியிலோ நாட்களிலோ தெளியும். இரத்தக்கட்டி விழித்திரைத் தமனியை அடைத்தால் ஒரு கண் திடீரென மறையும். மூளையின் பின்பகுதியை அடைத்தால் இரு கண்ணிலும் ஒரே பக்கம் மறையும். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தாலே இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. எழுந்து நிற்கையில் வரும் “கண்ணு இருட்டுது” பெரும்பாலும் இரத்த அழுத்தம் தாழ்வதைச் சொல்கிறது, விழிக்கோளாறை அன்று. தமிழர் “மயக்கமா வருது” என்பது தலைசுற்றலை. மலையாளச் செவிக்கோ மயக்கம் உறக்கக் கலக்கமாக ஒலிக்கும். முற்றிலும் அந்நியமான மொழியென்றால் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவோம். புரிந்துவிட்டதாகத் தோன்றும் சகோதர மொழியில் தேட மாட்டோம். ஆபத்து அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா எனக் கேட்கலாம். ஸ்கேன் மலையடிவாரத்தில் இருக்கிறது. கிளம்புவதா காத்திருப்பதா என்ற முடிவு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எடுக்கப்படுகிறது. பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். மலைப்பாதை அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

எனவே வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் தமிழில் நான்கு கேள்விகள் இடம்பெற வேண்டும்: ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? திடீரென வந்ததா? எவ்வளவு நேரம் நீடித்தது? நிறம் மாறியதா? திடீரெனப் பார்வை மறைந்தாலோ, வாய் குழறினாலோ, கைகால் தளர்ந்தாலோ, சரியாகிவிட்டாலும் உடனே கிளம்ப வேண்டும் என்ற வரியும் அதில் வேண்டும். மலையிறங்கும் முடிவை எடுப்பவர் கையில் அந்தச் சீட்டு இருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.