பட்டை

திருவள்ளூர் மாவட்டத்தில் மூன்று ஊர்களின் பெயரில் காடு இருக்கிறது: திருவாலங்காடு, திருவேற்காடு, பழவேற்காடு. முதலாவது ஆலமரத்தின் காடு, மற்ற இரண்டும் வேலமரத்தின் காடு. திருவேற்காட்டுக் கோயிலின் தலமரம் வெள்வேல். அடிமரம் வெளிறிக் கிடப்பதால் வந்த பெயர். தாவரவியலார் அதற்கு இட்ட 'லூக்கோஃபுளோயா' என்பதற்கும் கிரேக்கத்தில் வெள்ளைப் பட்டை என்றே பொருள். பட்டையைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல்லை வைத்துத்தான் 1858-இல் கார்ல் நேகெலி 'புளோயம்' என்ற கலைச்சொல்லை உண்டாக்கினார்.

தமிழ்ப் 'பட்டை' அப்படி மரத்தோடு மட்டும் நிற்கும் சொல் அல்ல. அகன்று தட்டையாக இருப்பது எதுவானாலும் பட்டைதான். நெற்றியில் பூசும் திருநீறு, பதநீர் குடிக்க மடக்கும் பனையோலை, இடுப்பில் கட்டும் வார், வைரத்தில் தீட்டும் முகம், கொல்லன் காய்ச்சி வளைக்கும் இரும்பு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல். மரத்தில் இருக்கும்போது அதற்கு வைத்த பெயராக எனக்கு இது தோன்றவில்லை. உரித்துக் கையில் எடுத்தபின் கண்ட வடிவத்துக்கு வைத்த பெயராகத்தான் தோன்றுகிறது. 'மரவுரி' என்பதிலும் உரிப்பது என்ற செயலே பெயராகியிருக்கிறது. மரத்தில் இருப்பதைச் சொல்லத் தமிழில் வேறு சொற்கள் உண்டு. காய்ந்து வெடித்து உதிர்வது பொருக்கு. அதற்கு உள்ளே ஈரமாய் இழுபடுவது நார்.

இந்தப் பிரிவினை எவ்வளவு சரி என்பது ஒரு துண்டு வேலம்பட்டையை ஒடித்துப் பார்த்தால் தெரியும். மேல்பகுதி பொருபொருவென்று நொறுங்கும். உள்பகுதி ஒடியாது, முறிந்த இடத்தில் இழை இழையாகப் பிரிந்து தொங்கும். அந்த இழைகள் சுவர் தடித்த, நீண்டு ஒடுங்கிய செல்களின் கட்டுகள். சுவருக்குள் செல்லுலோஸ் நுண்ணிழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் படிந்திருப்பதால் நெடுக இழுத்தால் தாங்கும், குறுக்கே பிளந்தால் பிரிந்துவிடும். கயிறு திரிக்க ஆத்தி நாரையும் சணப்பு நாரையும் தேடிப் போனவர்களுக்கு இந்தக் குணம் போதுமானதாக இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மரவுரி மரத்தின் கட்டையைச் சுற்றிலும் அடித்துப் பட்டையை இளக்கி, அப்படியே புரட்டிக் கழற்றிச் சாக்காக்கினார்கள். அடியில் ஒரு வட்டக் கட்டையை விட்டுவைத்தால் தையலே வேண்டாம்.

பொருக்கின் கதை வேறு. அதில் பெரும்பங்கு தக்கைச் செல்கள். அவை செத்தவை; சுவரில் சூபரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள் படிந்திருப்பதால் நீர் புகாது, உள்ளே காற்று. வயலில் உரத்துக்கு மடக்கி உழும் தக்கைப்பூண்டை அறிந்தவர்களுக்குச் சொல் புதிதல்ல: கனமில்லாதது தக்கை. 1665-இல் ராபர்ட் ஹூக் உருப்பெருக்கியின் கீழ் வைத்துச் சிற்றறைகளைக் கண்டு 'செல்' என்று பெயரிட்டதும் ஓக் மரத்தக்கையின் ஒரு சீவலில்தான். உயிரியல் முழுவதற்கும் அடிப்படையான சொல், உயிரில்லாத பட்டையிலிருந்து வந்தது! தக்கையை அழுத்தினால் பக்கவாட்டில் ஏறக்குறைய பிதுங்குவதே இல்லை, செல்சுவர்கள் மடிந்து இடம் கொடுத்துவிடும். புட்டியின் கழுத்தில் அதைத் திணிக்க முடிவதும் அதனால்தான்.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்து ஆலைகளில் உருட்டும் டிஎம்டி கம்பிக்கு, வெளியே நொறுங்கி உள்ளே தாங்கும் பட்டைக்கு நேர்மாறான ஏற்பாடு. செந்தணலாய் வரும் கம்பியின்மேல் தண்ணீரைப் பாய்ச்ச, வெளிவட்டம் கெட்டிப்பட்டுவிடும். நடு வளைந்து கொடுக்கும். மரத்திலோ வெளியே இருப்பது அடி வாங்கி நொறுங்கலாம், மறுபடி உள்ளிருந்து புதிதாக வளரும். கம்பிக்கு அந்த வசதி இல்லை.

இழுவலிமை தவிரப் பட்டையை மனிதர் நாடியது துவருக்காக. துவர் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோல் அழுகாமல் பதமாவது அதனால்தான். நைலான் வருமுன் கடற்கரையில் பருத்தி வலைகளுக்குத் துவர்ச்சாறு ஏற்றியதும் அழுகலைத் தடுக்கத்தான். வெள்வேலம்பட்டையை வெல்லத்தோடு ஊறப்போட்டுக் காய்ச்சியது பட்டைச் சாராயம். பட்டை போட்டான் என்றால் நெற்றியா வாயா என்று இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்று அடைமொழியே இல்லாமல் பட்டை என்றால் மசாலாப் பட்டைதான். இலங்கையில் கருவாப்பட்டையை உரிக்குமுன் மேற்பொருக்கைச் சுரண்டிக் களைவார்கள். மெல்லிய உள்பட்டை காயும்போது தானே சுருண்டு குழலாகிறது. நம் மளிகைக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் காசியா என்ற வேறு இனம். கெட்டியானது, சொரசொரப்பானது, பலசமயம் பொருக்கு நீக்காதது. பொருக்கையும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்கள்.