வன்னியின் மோட்டார்ப் பட்டறைகள்

இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேற்றங்கள் பெருகி, வயல்களில் எருதின் வேலையை உழவு இயந்திரம் ஏற்றுக்கொண்ட காலந்தொட்டு, வன்னிப் பெருநிலத்தில் மோட்டார்ப் பட்டறைகள் தோன்றலாயின. கண்டி வீதியோரத்துக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவை வேரூன்றின. அங்கே தொழில் பயின்ற முறை, கொல்லனின் உலைக்களத்தில் நெடுங்காலம் நிலவிய முறையே. பட்டறையிற் சேர்ந்த சிறுவன் முதலில் உதிரிப் பாகங்களை மண்ணெண்ணெயிற் கழுவுவான். பிறகு ஸ்பனர் எடுத்துக் கொடுப்பான். ஆண்டுகள் சில கழிந்த பின்னரே இயந்திரத்தைத் திறந்து பார்க்க ஆசான் இடங்கொடுப்பார். பாடநூலும் இல்லை, பரீட்சையும் இல்லை.

தென்னிலங்கையில் நிலைமை வேறு விதமாக மாறியது. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை அரசுடைமையாயிற்று. தனியார் கம்பெனிகளிடமிருந்து வந்து சேர்ந்த பலவகை வண்டிகளைச் செப்பனிடத் தேர்ந்த கைகள் வேண்டியிருந்தன. ஆகவே, மேற்கு ஜேர்மனியின் உதவியுடன் 1959இல் ஒரு பயிற்சி நிலையம் அமைந்தது. பின்னாளில் மொறட்டுவையில் நிலைகொண்ட அந்நிறுவனம், வகுப்பறையையும் பட்டறையையும் இணைக்கும் ஜேர்மானிய முறையை இலங்கைக்குக் கொணர்ந்தது. ஆனால், கிளிநொச்சிக்கும் மொறட்டுவைக்கும் இடையிலான தூரம் 300 கிலோமீற்றருக்கும் அதிகம். வறிய உழவர் வீட்டுப் பிள்ளைக்கு அது எளிதிற் கடக்கக்கூடிய தூரமன்று.

1990இல் போர் மீண்டும் மூண்டது. அதன் பின்னர் வடபகுதிக்குப் பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப் பாகங்கள் ஆகியன செல்வது தடுக்கப்பட்டது. வன்னியில் இத்தடை 2002 வரை நீடித்தது. மட்டுப்படுத்தப்பட்ட அளவிற் கிடைத்த மண்ணெண்ணெயே வண்டிகளின் உணவாயிற்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாவதில்லை. எனவே, சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர் கார்களும் இவ்வாறே ஓடின. இது முற்றிலும் புதிய வித்தையன்று. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் உழவு இயந்திரங்களை இங்கிலாந்தில் முன்னரே செய்திருந்தனர். எனினும், அந்த வேலைக்கென அமையாத காரை அதற்குப் பழக்குவது வேறு. எரியாது எஞ்சும் மண்ணெண்ணெய் கசிந்திறங்கி, உராய்வைத் தடுக்கும் எண்ணெயை நீர்க்கச் செய்யும், பிளக்கிற் கரி படியும், இயந்திரம் தட்டும். அத் தட்டலின் ஓசையைக் கேட்டே கோளாற்றைச் சொல்லும் செவி, அக்காலத்துத் தொழிலாளருக்கு வாய்த்தது. எந்தக் கல்லூரியும் கற்பிக்க நினைத்திராத பாடம் அது.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. தெற்கிலிருந்து புதிய ஜப்பானிய வண்டிகள் வந்தன. காபரேற்றருக்குப் பதிலாக மின்னணுக் கருவி எரிபொருளை அளந்து செலுத்தும் வண்டிகளும் அவற்றுள் இருந்தன. அவற்றைப் பழகுவதற்குள் 2006 ஓகஸ்டிற் பாதை மூடிற்று. 2009இல், குடும்பங்கள் உழவு இயந்திரங்களில் ஏறிக் கிழக்குக் கரை நோக்கி இடம்பெயர்ந்தபோது, பட்டறைகள் அழிந்தன. ஆயுதப் பெட்டிகளும் போயின. ஆயுதம் என்றால் இங்கே ஸ்பனரும் சுத்தியலுமே. எஞ்சியது கையிலிருந்த பழக்கம் மட்டும்.

2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில், மீண்டும் ஜேர்மானிய உதவியுடன், மோட்டார்த் தொழில்நுட்பமும் கற்பிக்கும் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. தெற்கிற்கு வந்தது வன்னிக்கு வர 57 ஆண்டுகள் சென்றன. இளைஞர்க்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால், மண்ணெண்ணெய்க் காலத்திற் பட்டறையில் வளர்ந்தவர், தம் மகன் வயதுடையவனோடு வகுப்பில் அமர்வாரா? தேசிய தொழிற் தகைமை முறையில், முன்னரே கற்ற தொழிலைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெற வழியுண்டு. எனினும், பல ஆண்டு வேலைக்குச் சான்றாகக் காட்டவேண்டிய கடிதங்கள் போரிற் சிதைந்த பட்டறைகளோடு போயிருந்தால் அவர் என்ன செய்வார்? அத்தகையோரைக் கையால் வேலை செய்வித்தே மதிப்பிடுவதுதான் நியாயம்.

அவருக்கும் புதிதாகக் கற்கவேண்டியது உண்டு. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலிருந்து தனியார் கார்களுக்கும் மீண்டும் திறந்துள்ளது. பெற்றோலாலும் மின்னாலும் ஓடும் கலப்பின வண்டியின் பற்றரியில் 200 வோல்ற் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும். அதன் செம்மஞ்சள் நிறக் கம்பிகளைத் தொடுமுன் மின்னைத் துண்டிக்கும் முறையை யாரேனும் ஒருவர் அவருக்குக் காட்டிக் கொடுக்கவேண்டும். அந்தக் கம்பி ஓசை எழுப்புவதில்லை.