சூடான் நண்பரின் குடும்பத்துக்குக் கூட்டாகத் திரட்டும் பணம்: ஜகாத் ஆகுமா?

வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஊர்ச் சகோதரர்கள் சில காலமாக ஒரே மஸ்அலாவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "ஹஜ்ரத், எங்களோடு வேலை பார்க்கும் சூடான் பாயின் தாய் தகப்பன், கூடப் பிறந்தவர்கள் எல்லாம் போரில் சிக்கிக்கொண்டார்கள். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து பணம் கொடுக்கிறோம். இதை ஜகாத்தில் சேர்க்கலாமா?"

2023 ஏப்ரல் 15, ரமளானின் கடைசிப் பத்தில் அந்தப் போர் தொடங்கியது. அப்துல் ஃபத்தாஹ் அல்புர்ஹானின் ராணுவமும், ஹமீத்தி என்று அழைக்கப்படும் முஹம்மது ஹம்தான் தகலோவின் துணை ராணுவப் படையும் தலைநகர் கார்த்தூமிலேயே மோதிக்கொண்டன. ஒரு கோடிக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு ஓடினார்கள். 2024 ஆகஸ்டில் தார்ஃபூரின் ஜம்ஜம் அகதி முகாமில் பஞ்சம் நிலவுவது உறுதி செய்யப்பட்டது.

நண்பர்கள் கூடித் திரட்டுவதற்கு நம் மார்க்கத்தில் அழகான முன்மாதிரி உண்டு. அஷ்அரி கோத்திரத்தார் போர்ப் பயணத்திலோ மதீனாவிலோ உணவு குறைந்துவிட்டால், ஒவ்வொருவரும் தன்னிடம் இருப்பதை ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்று நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்ததாக அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஸதகாவாகக் கொடுத்தால் இதில் கேள்வியே இல்லை. ஜகாத் என்று நிய்யத் வைக்கும்போதுதான் சட்டங்கள் வருகின்றன.

"அவர்களுக்குக் கார்த்தூமில் சொந்த வீடு இருக்கிறதாமே, கடையும் இருந்ததாமே?" என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் சொல்லும் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் சொத்து இருந்தும் அது கைக்கு எட்டாதவருக்கு, அவருடைய தேவை அளவுக்கு ஜகாத் கொடுக்கலாம். போர்ட் சூடானில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருப்பவருக்கு உம்துர்மானில் உள்ள மாடி வீடு இன்று என்ன பயன் தரும்?

நண்பர் தன் சொந்த ஜகாத்தைத் தன் பெற்றோருக்கும், மனைவி மக்களுக்கும் கொடுக்க முடியாது. அது அவர் மீதுள்ள ஜீவனாம்சக் கடமை. நாம் அவர்களுக்குக் கொடுக்கத் தடை இல்லை. ஆனால் ஹனஃபி சட்டப்படி, தகப்பனிடம் தேவை போக நிஸாப் அளவு செல்வம் இருந்தால் பருவமடையாத பிள்ளைகளுக்கு ஜகாத் சேராது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூடானின் ஜஅலிய்யீன் குலத்தார் தங்களை அப்பாஸ் (ரலி) அவர்களின் வழித்தோன்றல்களாகச் சொல்வார்கள். பனூ ஹாஷிம் குடும்பத்தாருக்கு ஜகாத் ஆகாது என்பதே நான்கு மத்ஹபுகளிலும் அறியப்பட்ட சட்டம். அப்படிப்பட்டவர் என்றால் ஸதகாவாகவே கொடுத்துவிடுங்கள்.

ஊர் விட்டு ஊர் ஜகாத்தை அனுப்புவது ஹனஃபி மத்ஹபில் பொதுவாக மக்ரூஹ். உறவினருக்கோ அதிகத் தேவையுள்ளோருக்கோ அனுப்பினால் அதுவும் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து அனுப்பக் கூடாது என்பது. அனுமதித்த ஷாஃபிஈ அறிஞர்களும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை சகோதரர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் விட அதிகம் கவனிக்காமல் விடப்படுவது பணம் போய்ச் சேரும் வழி. கார்த்தூம் வங்கியின் 'பங்கக்' செயலி வழியாகத்தான் பெரும்பாலும் பணம் போகிறது. இங்கே ஒருவரிடம் ரியால் கொடுத்தால், அங்கே அவருடைய ஆள் குடும்பத்தின் கணக்கில் சூடான் பவுண்டை ஏற்றுவார். ரொக்கத் தட்டுப்பாடு உள்ள ஊர்களில் அந்தத் தொகையை நோட்டாக மாற்றித் தருபவர் கணிசமான பங்கைக் கழித்துக்கொள்கிறார். 2024 பிப்ரவரியில் நாடு முழுக்க இணையம் முடங்கியபோது இந்த வழியும் அடைபட்டது.

ஜகாத் என்பது ஏழையின் கையில் உரிமையாகச் சேர்வது. அனுப்புகிறவர் நம்முடைய வகீலாக இருந்தால், பணம் வழியில் தொலைந்தால் நம் ஜகாத் நிறைவேறவில்லை. அனுப்பும் கூலியையும் ஜகாத்திலிருந்து எடுக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். நண்பரின் பெற்றோர், "எங்களுக்காக நீயே வாங்கிக்கொள்" என்று போனில் சொல்லி அவரை வகீலாக்கிவிட்டால், அவர் கையில் கொடுத்த உடனே ஜகாத் நிறைவேறிவிடும். அப்போதும் கமிஷனுக்கென்று கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். கழிவது அவர்களுடைய ரொட்டிப் பணம். மளிகைக் கடைக்காரர் செயலி வழியாகவே பணம் ஏற்பார் என்றால் நேராக அங்கே செலுத்தச் சொன்னால் இந்த இழப்பு குறையும். ரொக்கம் வேண்டி வேறு வழியின்றி மாற்றும் குடும்பத்தின் மீது குற்றமில்லை. அவர்களின் பசியைப் பயன்படுத்திக் கழிப்பவர்தான் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும்.

ஜகாத் என்று அந்த நண்பரிடம் சொல்ல வேண்டியது இல்லை. கொடுப்பவரின் நிய்யத் போதும். பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனம் வர்ணிக்கும், கையேந்தாத, பார்ப்பவருக்கு வசதியானவர்போல் தெரியும் ஏழைகளை நான் சூடானியரிடம் அதிகம் பார்க்கிறேன். அவருடைய குடும்பப் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடாதீர்கள். சவூதி, அமீரகம் போன்ற நாடுகளில் அனுமதியின்றிப் பொதுமக்களிடம் நிதி திரட்டுவது சட்டப்படி குற்றமும்கூட. மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் அந்த அகதிக் குடும்பத்தின் ஒரே சம்பாத்தியக்காரராகவே இருப்பார். அறை நண்பர்கள் அவரவர் பங்கை நேரடியாக அவர் கையில் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மீதப் பணம். எகிப்துக்குப் போகும் பயணச் செலவுக்கென்று திரட்டியிருப்பீர்கள். பாதை அடைபட்டிருக்கும், அல்லது யாருக்காகத் திரட்டினோமோ அவரே மவ்த்தாகியிருப்பார். உங்கள் கையில் இருக்கும் பணம் இன்னும் கொடுத்தவர்களுடையது. திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்க வேண்டும். வாங்கும் அன்றே, "மீதமானால் வேறு சூடான் குடும்பத்துக்கோ, அங்குள்ள தெருக்களில் தன்னார்வலர்கள் நடத்தும் தகாயா பொதுச் சமையலறைக்கோ கொடுக்கலாமா?" என்று கேட்டு, பெயருக்கு நேரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜகாத் எவ்வளவு, ஸதகா எவ்வளவு என்பதும் அதே தாளில் தனித்தனியாக இருக்கட்டும். சமைத்துப் பொதுவாகப் பரிமாறும் இடத்துக்கு ஜகாத் தொகையைக் கொடுப்பதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதால், அங்கே ஸதகாவை மட்டும் அனுப்புங்கள்.